அப்பா வாயின் அச்சு

ஜெல் உருகி முடிவதற்குள் மனைவி பொன்னி நான்காவது முறையாகப் போன் செய்துவிட்டாள். பரசுராமன் எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் பிடிதுணி. கட்டி கட்டியாக நறுக்கிப் போட்ட அச்சு ஜெல் பாத்திரத்துக்குள் கரைந்து ஓரங்களில் குமிழ் விட ஆரம்பித்திருந்தது. இதைக் கொதிக்க விடக் கூடாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டர் மாடலின் மேல்பூச்சு உரியும், ஆறிப்போய் ஊற்றினால் வழியும்போதே உறைந்து வரிவரியாக நிற்கும். விரலை வைத்தால் சுட்டும் சுடாமலும் இருக்க வேண்டும். கடல்பாசி காய்ச்சுகிற பெண்களைக் கேட்டால் இந்தப் பக்குவத்தைச் சொல்லிவிடுவார்கள்.

மணி ஒன்பது ஐந்து. அப்பா போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

மூன்று நாள் மூச்சுத் திணறலோடு டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்த கோதண்டராமன் அன்று விடியற்காலை கண்ணை மூடினார். எழுபத்து நான்கு வயது. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்த ஊருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோய், கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுக்க வைத்து, தாடையை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டி முடித்த பிறகுதான் தங்கம்மாள் கண்ணாடி வழியாகப் புருஷன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். பார்த்தவள் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.

"பல்லு எங்கடா?"

பல் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அவருக்குக் குமட்டியபோது அவளேதான் பல் செட்டைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து, இட்லிப் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்தாள். சாப்பிட்டு முடித்து இலையைச் சுருட்டிப் போட்டபோது அதையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். அவள் தம்பி சடையனை ஆஸ்பத்திரிக்கு ஓட விட்டார்கள். குப்பை வண்டி வந்து போயிருந்தது.

"தெருமுனைக்குப் போறதுன்னாலும் பல்ல மாட்டிக்கினுதான்டா போவாரு உங்கப்பா. இந்த மூஞ்சோட எப்படி அனுப்பறது? இது அவரு மூஞ்சே இல்ல."

அவள் சொன்னதில் தப்பில்லை. உதடுகள் உள்ளே இழுத்துக்கொண்டு, மோவாய் மூக்கைத் தொடுவதுபோல மேலேறி, யாரோ ஒரு கிழவர் அங்கே படுத்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் பெட்டிக்குள் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த போட்டோவையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

"பெரியவனுக்குப் போன் போடுங்க. அவன் கட்டின பல்லு. அவனுக்குத்தான் தெரியும்," என்றாள் தங்கம்மாள்.

பரசுராமனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அப்பா பெட்டிக்குள் கிடக்கிறார். அந்த நேரத்திலும் எரிந்தது.

பெரியவன் சுரேஷ்குமார் பல் டாக்டர். சென்னையில் சொந்த கிளினிக். சின்னவன் பரசுராமன் திருவண்ணாமலையில் பல் லேப் வைத்திருக்கிறான். டாக்டர் வாயில் அளவு எடுப்பார். அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி ஈறின் மாடலை வார்த்து, அதன்மேல் மெழுகு பிடித்து, பல் பல்லாக அடுக்கி, உரசி, மெருகேற்றி அனுப்புகிறவன் லேப்காரன். மாட்டிக்கொண்டு சிரிக்கிற ஆளுக்கு அவன் பேரே தெரியாது. இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கான வாய்கள் பரசுராமன் மேஜைக்கு வந்துபோயிருக்கின்றன. நிஜமான வாய் ஒன்றையாவது எட்டிப் பார்த்திருப்பானா என்றால் இல்லை. எல்லாம் பிளாஸ்டர்.

ஓரவஞ்சனை பேர் வைத்ததிலேயே தொடங்கிவிட்டது என்பது அவன் கட்சி. மூத்தவனுக்கு நாகரிகமாக சுரேஷ்குமார் என்று வைத்தார்கள். இவன் பிறக்கிற நேரம் பார்த்துப் பாட்டன் செத்தார், அவர் பேர் வந்து இவன் தலையில் உட்கார்ந்தது. அண்ணனுக்கு டாக்டர் சீட்டு கிடைத்தது. இவன் பன்னிரண்டாவதில் கணக்கில் கோட்டைவிட்டான். "அண்ணனுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்" என்று இரண்டு வருஷப் படிப்பில் தள்ளிவிட்டார்கள். அந்த ஒத்தாசை என்கிற சொல்லை அவன் இன்றைக்கு வரை மென்றுகொண்டிருக்கிறான்.

அப்பாவுக்கு அளவு எடுத்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு பொங்கல் மறுநாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, கழுத்தில் துண்டு சுற்றினார்கள். பரசுராமன் ரப்பர் கிண்ணத்தில் மாவைக் குழைத்துக் கொடுத்தான். அண்ணன் அப்பாவின் வாய்க்குள் விரலை விட்டு ஈறைத் தடவினான், கன்னத்தை உள்ளிருந்து ஒதுக்கினான். மாவு நிரப்பிய தட்டை வாய்க்குள் வைத்து அழுத்தியதும் அப்பாவுக்குக் குமட்டிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மூக்கால மூச்சு வுடுப்பா, தோ ஆச்சு" என்று அண்ணன் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அப்பாவும் அண்ணனின் சட்டை நுனியைக் குழந்தை மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படி ஒருவரையும் பிடித்துப் பரசுராமன் பார்த்ததில்லை. காலிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றான். பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்து மழுப்ப வேண்டியதில்லை.

அந்த அளவை வைத்துப் பதினோரு நாள் உட்கார்ந்து அவன் செட்டு செய்தான். மற்றவர்களுக்கு நான்கு நாளில் முடிக்கிற வேலை. அண்ணன் அடுத்த முறை வந்தபோது மாட்டிவிட்டு, கண்ணாடியைக் காட்டிவிட்டுப் போனான். நான்கு வருஷமாகத் தன் நிலத்துக் கடலையைத் தன்னால் கடிக்க முடியாமல் இருந்த அப்பா, வறுத்த வேர்க்கடலையை மடியில் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாகக் கடித்துக் காட்டினார்.

"டாக்டர் புள்ள கட்டினது. எப்படிக் கீது பாரு."

பரசுராமன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வரும் வழியில் பொறுக்காமல் கேட்டுவிட்டான்.

"செஞ்சது நான்தானப்பா?"

"இல்லன்னு யாருடா சொன்னா? மேஸ்திரி கட்டினாலும் இஞ்சினியரு பேரத்தான் சொல்லுவாங்க. அதுக்கு இன்னா இப்ப?"

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அவன் கேட்காததும் அப்பாவுக்கு உறைக்கவில்லை.

ஆனால் ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். செட்டு வெளியே வர வேண்டுமென்றால் மாடல் உடைய வேண்டும், அதுதான் இந்தத் தொழிலின் நியதி. அச்சுப்பெட்டியில் வைத்து வேகவைத்து, தட்டித்தான் எடுப்பார்கள். யார் வாயாக இருந்தாலும் கடைசியில் பிளாஸ்டர் தூள்தான். அப்பாவின் மாடலை உடைப்பதற்கு முன்னால் அவன் அதற்கு நகல் எடுத்தான். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு துண்டு, அடியில் பென்சிலால் 'அப்பா' என்று எழுதி அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். அளவு எடுத்தவன் அண்ணன், பேர் வாங்கினவன் அண்ணன். அப்பா வாய் மட்டும் என்னிடம் இருக்கிறது என்று அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு திருப்தி.

காலையில் சடையன் மாமா பெரியவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தபோது பரசுராமன் இடையில் புகுந்தான்.

"மாடல் எங்கிட்ட இருக்குண்ணா. நான் புதுசா செஞ்சு கொண்டாரேன்."

அந்தப் பக்கம் கார் ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணன் சொன்னான். "இருக்குதா? நல்லதாப் போச்சு. ஆனா லேட் பண்ணாதடா. பதினொன்னரை பன்னண்டுக்குள்ள உள்ள வெச்சிடணும். அப்புறம் தாடை இறுகிடும், தெறக்காது."

"பெரியவன் சொல்றபடி செய்டா," என்றாள் தங்கம்மாள்.

லேபுக்கு வந்து மாடலைக் கையில் எடுத்தபோதுதான் அவனுக்கு அது உறைத்தது. இதன்மேல் செட்டு செய்தால் இதுவும் உடையும். அவசரத்துக்கு, வேகவைக்காமல் தானாக இறுகும் அக்ரிலிக்கில் செய்தாலும் கழற்றும்போது ஈறு வளைவில் பிடித்துக்கொண்டு பிளந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது. சாயங்காலம் அப்பாவும் இருக்க மாட்டார்.

இன்னொரு நகல் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். அண்ணன் சொன்ன நேரம் நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஜெல் கட்டியை எடுத்து நறுக்க ஆரம்பித்தான்.

இப்போது சூடு சரியாக இருந்தது. தண்ணீரில் ஊறிய மாடல் துண்டு இரண்டையும் டப்பாவின் நடுவில் வைத்து, ஒரு ஓரமாகவே ஊற்றினான். நீல நிறக் குழம்பு மெல்ல ஏறி, ஈறின் மேட்டைச் சுற்றி வளைத்து மூடியது. டப்பாவைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கிவிட்டு நின்றான். இந்த அரை மணியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அழலாம் என்று பார்த்தான். வரவில்லை. அடியை அழுத்தி மாடலை வெளியே இழுத்ததும், 'சளக்' என்று காற்று புகுந்து, அப்பாவின் வாய் குழியாக உள்ளே நின்றது. ஸ்டோன் என்கிற கெட்டிப் பிளாஸ்டர் மாவைக் கலக்கி, குமிழ் விழாமல் தட்டித் தட்டி, துளித்துளியாக அந்தக் குழிக்குள் இறக்கினான்.

பிறகுதான் செட்டு வேலையில் கை வைத்தான். மெழுகைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் அடித்தது. இந்த முறை எடுத்தான்.

"ஏங்க, எவ்ளோ நேரம்ங்க? பெரியவரு செஞ்சி தாண்டிட்டாராம்," என்றாள் பொன்னி. பின்னால் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

"வேலை நடக்குது."

"அத்தை கேட்டுக்கினே இருக்காங்க. உங்களால ஆவலன்னா சொல்லிடுங்க, பெரியவரு வந்து ஏதாவது பண்ணிக்குவாரு."

"அவரு என்னத்தப் பண்ணுவாரு? மெழுகு புடிக்கத் தெரியுமா அவருக்கு? ஒரு பல்ல ஒழுங்கா நிக்க வெப்பாரா?"



"இன்னிக்குமாங்க?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பல்லை அடுக்கி, அக்ரிலிக் ஊற்றி, காற்றை அடைத்து அழுத்துகிற குக்கரில் வைத்து எடுத்தபோது மணி பன்னிரண்டு. செட்டு வெளியே வந்தது. நினைத்தபடியே மேல் மாடல் மூன்றாகப் பிளந்தது, கீழ் மாடல் தூளானது. அவன் கவலைப்படவில்லை. புது நகல் மேஜைமேல் இருந்தது. எடுத்துப் பார்த்தான். ஒரு குமிழ் இல்லை, ஒரு கீறல் இல்லை. கதகதவென்று உடம்புச் சூடு இருந்தது. ஸ்டோன் இறுகும்போது சுடும், அவனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் உடனே கீழே வைக்க மனம் வராமல், உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, செட்டை உரசி மெருகேற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அண்ணனின் கார் நின்றது. மணி ஒன்று.

"என்னடா இவ்ளோ நேரம்?" என்றான் சுரேஷ்குமார். கண் சிவந்திருந்தது. தங்கம்மாள் அவன் தோளில் சாய்ந்திருந்தாள்.

"பௌர்ணமிண்ணா. கிரிவலக் கூட்டம். டவுனத் தாண்டி வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

பௌர்ணமி என்பது உண்மை. கூட்டம் சாயங்காலத்துக்குமேல்தான் சேரும். செஞ்சி ரோடு காலியாகக் கிடந்தது.

அண்ணன் செட்டை வாங்கித் தண்ணீரில் கழுவினான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் ஓரத்தைத் தடவினான். "ம்" என்றான். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டான் பரசுராமன்.

"டாக்டரு வந்துட்டாரு, எல்லாம் ஒதுங்குங்க," என்று சடையன் மாமா கூட்டத்தை விலக்கினார். பெட்டி மூடியைத் தூக்கி, தாடைக் கட்டை அவிழ்த்தார்கள். வாய் திறக்கவில்லை. அண்ணன் வெந்நீரும் துண்டும் கேட்டு வாங்கினான். துண்டைப் பிழிந்து காதோரம் இரண்டு பக்கமும் ஒத்தினான். கட்டைவிரலால் தாடை மூட்டை அழுத்தி அழுத்தித் தேய்த்தான். கால் மணி நேரம் போனது. நெற்றி வேர்வை அப்பாவின் சட்டைமேல் சொட்டியது. கடைசியில் முழங்கையை ஊன்றி, பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்தான்.

'மளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

"அய்யோ, வலிக்கப் போவுதுடா அவருக்கு," என்று தங்கம்மாள் அலறினாள்.

"ஒரு மணி நேரம் முன்ன வந்திருந்தா இது வேண்டியதில்ல," என்றான் அண்ணன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் இப்போது எங்கே இருக்கிறது என்று பரசுராமனுக்குத் தெரியும். லேப் அலமாரியில், பூட்டுக்குள். அவனுக்குத் தன் தாடையே வலிப்பதுபோல் இருந்தது. சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

செட்டு உள்ளே போனது. மேல் உதடு நிமிர்ந்தது, கன்னம் நிரம்பியது, மீசை தன் இடத்துக்கு வந்தது. அண்ணன் தாடையைச் சேர்த்துக் கட்டி, மீசையை விரலால் நீவிவிட்டதும், கோதண்டராமன் பெட்டிக்குள் வந்து படுத்துவிட்டார்.

"இதோ, இதான் அவரு," என்றாள் தங்கம்மாள். கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்தாள். "டாக்டரு கை பட்டதும் பழைய மூஞ்சி வந்துடுச்சி பாருங்க. எம்புள்ள அவங்கப்பன கொண்டாந்து குடுத்துட்டான்."

"படிச்ச கை ஆச்சே," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அம்மா, செட்டு பரசு செஞ்சது..." என்று அண்ணன் ஆரம்பித்தான். அதே நேரம் வாசலில் மேளம் எழுந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் மாரடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள், தங்கம்மாள் அவர்களைக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டாள். அண்ணன் சொன்னது அந்த இரைச்சலில் போனது. பரசுராமன் காதில் மட்டும் விழுந்தது. சொன்னான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை மெதுவாகவா சொல்வார்கள்?

மூன்றரைக்கு எடுத்தார்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். ஊர் வழக்கம். அண்ணன் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பரசுராமன் பாடையின் பின்கால் ஒன்றைத் தூக்கினான். தன் முறை வருவதற்கு அம்மா சாக வேண்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. சீ என்று அதை விரட்டினான். அம்மா நூறு வயது இருக்கட்டும்.

சுடுகாட்டில் விறகும் வரட்டியும் அடுக்கித் தயாராக இருந்தன. ஆண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். மூடிய பல்லுக்குமேல் அரிசி தங்காமல் கன்னத்தில் வழிந்தது. அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். அண்ணன் தண்ணீர்ப் பானையைத் தோளில் ஏற்றி, ஒரு சுற்று வந்து முடித்திருந்தான். முகத்தின்மேல் கடைசி வரட்டியை வைப்பதற்காகக் குனிந்த மயானத்துப் பெரியவர் நிமிர்ந்து கேட்டார்.

"வாயில கட்டின பல்லு இருக்குதாமே? அத எடுத்துடுங்க. பொறந்த உடம்பா போவணும். அதெல்லாம் வெச்சி எரிக்கறது இல்லிங்க."

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் தோளில் பானை இருந்தது, துளையிலிருந்து தண்ணீர் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. வலது கையில் கொள்ளி.

"அவன் பானைய எறக்கக் கூடாது," என்றார் சடையன் மாமா. "சின்னவனே, நீ எட்றா."

பரசுராமன் அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டான். தாடைக்கட்டை அவிழ்த்ததும், மதியம் அத்தனை பாடுபட்டுத் திறக்க வேண்டியிருந்த வாய், இப்போது தொட்டதும் திறந்தது. விரலை உள்ளே விட்டான். ஜில்லென்று இருந்தது. உதட்டுக்குப் பின்னால் அரிசி நெறுநெறுத்தது. மேல் செட்டைப் பிடித்து இழுப்பதற்கு விரலைச் சரியாக வைத்தான். நன்றாகப் பொருந்திய செட்டு காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் வரும்.

அது தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

அவன் நம்பாமல் ஈறைத் தடவினான். இடது பக்கம் ஒரு பள்ளம், வலது பக்கம் கோடியில் ஒரு புடைப்பு. அவன் விரலுக்கு மனப்பாடமான இடங்கள். பள்ளம் இருந்தது, புடைப்பும் இருந்தது. ஆனால் அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டிய மேடு இல்லை. தேய்ந்து, கரைந்து, ஏறக்குறையத் தட்டையாகிவிட்டிருந்தது. பல் போன ஈறு வருஷா வருஷம் அமிழும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை செட்டை உள்பக்கம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஊரில் இருக்கிற எல்லாக் கிழவர்களுக்கும் அவன் அதைச் செய்து கொடுத்திருக்கிறான். அவன் செய்ததும் பாதுகாத்ததும் நகல் எடுத்ததும் ஆறு வருஷத்துக்கு முந்தின வாயை. இந்த வாயிலிருந்து செட்டு, லேபுக்கு இருபது கிலோமீட்டர் தூரத்தில், தினமும் கழன்று கழன்று விழுந்திருக்கிறது. அப்பா அதை நாக்கால் தாங்கிப் பிடித்துக்கொண்டே பேசியிருக்கிறார். டீக்கடையில் டாக்டர் பிள்ளையின் பெருமையையும் அப்படித்தான் பேசியிருப்பார். இவனிடம் சொல்லவில்லை. இவன் கேட்கவும் இல்லை. வாராவாரம் வந்து, அந்த வாய்க்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"ஆச்சாடா?" என்றார் சடையன் மாமா.

கீழ் செட்டையும் எடுத்தான். முகம் உள்ளே போய்விட்டது. பல்லில்லாத அந்த வாயை இரண்டு விரலால் மூடிவிட்டு, கை எடுக்காமல் இருந்தான். மாமா அவன் தோளைத் தொட்டுத் தூக்கினார். செட்டு இரண்டையும் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு அவன் விலகினான். மயானத்துப் பெரியவர் வரட்டியை வைத்து முகத்தை மூடினார். அண்ணன் மீதி இரண்டு சுற்றும் வந்து, பானையைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தான்.

குளிப்பதற்காகப் பக்கத்துக் கொல்லையின் பம்புசெட்டுக்குப் போனார்கள். கரண்ட் இல்லை. தொட்டியில் தண்ணீர் நிறைய நின்றது, கரையில் ஒரு பிளாஸ்டிக் வாளி கிடந்தது. மற்றவர்கள் குளித்துவிட்டு வரப்பில் நடக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் துவைகல்லின்மேல் உட்கார்ந்தான். மழித்த தலையில் இரண்டு இடத்தில் கத்தி பட்டு ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. தலை மழித்ததும் அவன் அப்பா ஜாடையாக இருந்தான். அதுவும் அவனுக்குத்தான்.

"பரசு, அந்தச் செட்டு எங்கடா?"

"எதுக்குண்ணா?"

"எனக்குக் குடுடா. நான் கொண்டு போறேன்."

"அத வெச்சி என்ன பண்ணப் போற? ஒண்ணுத்துக்கும் உதவாது."

"எதுக்கோ." அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அம்மா உனக்குப் பக்கத்துல இருக்காங்க. வீடு நீ வாராவாரம் வர்ற வீடு. அப்பா கடைசியா பேசினது உங்கிட்ட. நான் வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்துட்டுப் போன விருந்தாளிடா. எங்கிட்ட அவருதுன்னு என்ன இருக்கு? அன்னிக்கு அவரு வாயில கைய வுட்டு அளவெடுத்தேன். என் சட்டையப் புடிச்சிக்கினாரு. அது ஒண்ணுதான். அந்தப் பல்லப் பாத்தா எனக்கு அது ஞாபகம் வரும்."

பரசுராமனின் இடது கை வேட்டி மடிப்புக்குப் போனது. இத்தனை வருஷமாக இந்த ஆளைப் பார்த்து அவன் வயிறெரிந்திருக்கிறான். இந்த ஆளும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு அதையே செய்திருக்கிறான் என்பது அவனுக்கு இதுவரை தெரியாது. மாடல் ஒன்று என்னிடம் இருக்கிறது, செட்டை நீ வைத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். 

"எரியறதுலயே போட்டுட்டேண்ணா," என்றான்.

அண்ணன் தலையை ஆட்டினான். சரி என்பதுபோல இரண்டு தடவை ஆட்டினான். காலையிலிருந்து எல்லாரையும் தாங்கிக்கொண்டிருந்தவன், முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதான். சத்தம் வரவில்லை. அழுது முடித்துவிட்டு, குனிந்தபடியே, "ஊத்துடா," என்றான்.

பரசுராமன் வலது கையால் வாளியை முக்கித் தூக்கினான். முழு வாளி கனத்தது. தொடையில் சாய்த்து, மெல்லக் கவிழ்த்தான். இடது கை இடுப்பு மடிப்பின்மேல் இருந்தது. நனைந்த வேட்டிக்குள்ளிருந்து பல் வரிசை தோலில் அழுந்தியது.

"ரெண்டு கையாலயும் புடிச்சி ஊத்துடா. எல்லாம் ஒரே பக்கமா போவுது," என்றான் அண்ணன், கண்ணை மூடிக்கொண்டே.

பரசுராமன் இடது கையை எடுக்காமலே வாளியை மறுபடியும் தொட்டியில் முக்கினான்.